பதினாலு டப்பாவுக்கு ஒரே வயிறு

காஞ்சிபுரத்துக்கு ஜனங்கள் பட்டுப்புடவை எடுக்க வருவார்கள், பெருமாளைச் சேவிக்க வருவார்கள், இரண்டும் முடிந்தால் கோயில் இட்லியை ஒரு கை பார்த்துவிட்டு பஸ் ஏறுவார்கள். 2007-ஆம் வருஷம் பெரியநாயகி என்கிற ஒருத்தி இதே ஊரில் வீடு வீடாகப் போய் வேறொன்றைக் கேட்டாள். கேட்டதும் பாதிப் பேர் கதவைச் சாத்தினார்கள். மீதிப் பேர் இடுப்பு பிடித்துக்கொள்கிற வரைக்கும் சிரித்துவிட்டு, அப்புறம் கதவைச் சாத்தினார்கள். அவள் கேட்டது ஒரு சின்ன டப்பாவில் ஒரு கரண்டி மலம்.

கேட்டு வாங்கியும்விட்டாள். எட்டு மாசத்தில் இருநூற்றுப் பன்னிரண்டு டப்பா.

பெரியநாயகிக்கு ஊர் பாலாற்றங்கரையில் ஓரிக்கை. விவசாயக் குடும்பம். வயசு நாற்பது. குரல் மட்டும் நாலு ஆள் குரல். அவள் தன் புருஷன் அப்பாதுரையைச் சாப்பிடக் கூப்பிட்டால் ஆற்றுக்கு அக்கரையில் இருப்பவர்கள் கை கழுவிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். பத்தாம் வகுப்புக் கணக்குப் பரீட்சையை நாலு தடவை எழுதினாள். நாலாவது தடவை கணக்கே களைத்துப்போய் வழி விட்டது. அந்தப் படிப்பையும் ஒரு பழைய மொபெட்டையும் வைத்துக்கொண்டு, சென்னையில் ஒரு ஆராய்ச்சிக்கூடத்துக்குக் காஞ்சிபுரம் வட்டாரக் களப்பணியாளர் ஆனாள்.

ஆராய்ச்சி இதுதான். மனுஷன் குடலுக்குள் கோடி கோடியாகக் கிருமிகள் குடியிருக்கின்றன. சாப்பாட்டைச் செரிக்க வைப்பதில் பாதி அவற்றின் வேலை. நன்றாக இருக்கிற வயிற்றில் யார் யார் குடியிருக்கிறார்கள், சர்க்கரை வியாதிக்காரர் வயிற்றில் யார், அடிக்கடி பேதி கண்டு இளைக்கிற குழந்தை வயிற்றில் யார், இது தெரிந்தால் வைத்தியத்துக்கு ஒரு வழி கிடைக்கும். ஆனால் இந்தக் கிருமிகள் மகா ரோஷக்காரர்கள். வெளிக்காற்று பட்டாலே பாதி செத்துப்போகும். கண்ணாடித் தட்டில் வைத்து வளர்த்துப் பார்க்க முடியாது. அதனால் அவற்றின் மரபணுவை மிஷினில் எழுத்து எழுத்தாகப் படிக்க வேண்டும். ஆராய்ச்சியை நடத்திய டாக்டர் ஸிந்துஜா இதை ஒரு மணி நேரம் பாடம் எடுத்தார். பெரியநாயகிக்குப் பத்து நிமிஷத்திலேயே புரிந்துவிட்டது. மிச்சம் ஐம்பது நிமிஷமும், இதைப் பிள்ளையார்பாளையத்து நெசவாளிகளிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தாள்.

சொன்னது இப்படி. சபாபதி என்கிற நெசவாளி தறிக்குழியில் காலைத் தொங்கவிட்டுக்கொண்டு அவளை மேலும் கீழும் பார்த்தார்.

"இன்னாமா, ஒலகத்துல வேற வேலையே கெடைக்கலியா உனுக்கு?"

"கெடைச்சுது நைனா. கலெக்டர் வேல குடுத்தாங்க. எனுக்கு இதான் புடிச்சுது. அது கெடக்கட்டும், உன் தறி மேல ஜக்கார்டு பொட்டி இருக்குதே, அதுல ஓட்ட போட்ட அட்ட மாட்டுறியே, அந்த அட்டயப் பாத்தா இன்னா பூ வுழும்னு சொல்லுவியா மாட்டியா?"

"புடவயப் பாக்காமயே சொல்லுவேன். மயிலா, மாங்காவா, யானையான்னு சொல்லுவேன்."

"ஆங், அதான். ஒவ்வொரு கிருமிக்குள்ளயும் அந்த மாதிரி ஒரு அட்ட இருக்குது. கிருமி செத்தாலும் அட்ட இருக்கும். மெட்ராஸ்ல மிஷின் அந்த அட்டயப் படிச்சி, உள்ள யாரு யாரு குந்திக்கினு இருக்காங்கன்னு லிஸ்ட்டு போடும். உன் லிஸ்ட்டு வேற, என் லிஸ்ட்டு வேற."

"அதுக்குப் போயி இத்தயா கேப்பாங்க? சீ!"

"ஒரு புழு வாயில வழிஞ்ச எச்சிய நாப்பதாயிரம் குடுத்து வாங்கி, கட்டிக்கினு மணவறையில குந்துறாங்க. அதுக்கு ஒருத்தரும் சீ சொல்லக் காணோமே நைனா?"

சபாபதி சிரித்த சிரிப்பில் தறியே அரை மணி நேரம் ஓடவில்லை. மறுநாள் காலையில் அவர் டப்பாவோடு, பக்கத்து மூன்று வீட்டு டப்பாக்களும் வாசலில் அவளுக்காகக் காத்திருந்தன.

வாங்குவது பாதி வேலைதான். வாங்கிய டப்பாவை உடனே ஐஸ் பெட்டியில் வைத்து, இரண்டு மணி நேரத்துக்குள் பெரிய காஞ்சிபுரத்தில் வாடகைக்கு எடுத்திருந்த அறைக்குக் கொண்டுபோய் ஃப்ரீசரில் சேர்க்க வேண்டும். தாமதமானால் உள்ளே சில கிருமிகள் சாகும், சில கிருமிகள் பல்கிப் பெருகும், லிஸ்ட்டே மாறிப்போகும். வைகாசி வெயிலில் காஞ்சிபுரத்துத் தார் ரோடு அல்வா மாதிரி இளகும். அந்த ரோட்டில் பெரியநாயகியின் மொபெட் மட்டும் உருகாமல் ஓடிக்கொண்டிருந்தது. ஒருநாள் திருப்புட்குழியில் வண்டிச் சங்கிலி அறுந்துபோனது. அவள் நடுரோட்டில் இரண்டு கையையும் விரித்து நின்று ஒரு கல்யாண வேனை நிறுத்தினாள். மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் நடுவில் ஐஸ் பெட்டியோடு உட்கார்ந்தாள். அவர்கள் அதைக் கல்யாணப் பரிசு என்று நினைத்து, வழியெல்லாம் அவளுக்கு முறுக்கு கொடுத்துக்கொண்டே வந்தார்கள். அன்றைக்கு ஒரு மணி நாற்பது நிமிஷத்தில் டப்பா ஃப்ரீசருக்குப் போயிற்று.

இப்படிப்பட்டவளையே திணற வைத்தது சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு சந்து. பெருமாள் கோயிலில் கைங்கரியம் செய்கிற வைஷ்ணவக் குடும்பங்கள் அங்கே இருந்தன. ஒருவர் பாராயணம் சொல்வார், ஒருவர் பெருமாளைத் தோளில் எழுந்தருளப் பண்ணுவார், ஒருவர் தீவட்டி பிடிப்பார். ஆசாரம் என்றால் அப்படி ஒரு ஆசாரம். தண்ணீரையே தண்ணீர் விட்டுக் கழுவித்தான் குடிப்பார்களோ என்று சந்தேகம் வரும். அங்கே போய் இதைக் கேட்பதா? ஒன்றரை மாசம் அலைந்தாள். கடைசியில் அதே சந்தில் குடியிருந்த பூமா மாமி கை கொடுத்தார். மாமி பி.எஸ்ஸி. தாவரவியல். அவர் கணவர் சக்ரவர்த்தி பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார்; கோயிலில் பெருமாளுக்குக் குடை பிடிப்பவர்.

"நீ விடு பெரியநாயகி. எங்க மனுஷாளுக்கு நான் சொன்னாத்தான் ஏறும்" என்றார் மாமி.

ஏறிற்று. பதினாலு பேர் சம்மதித்தார்கள். பிரம்மோற்சவத்துக்கு இரண்டு நாள் முன்னால் பெரியநாயகி பதினாலு டப்பா கொடுத்தாள். ஐந்தாம் நாளுக்குள் பதினாலும் வந்துவிட்டன. அவள் சந்தோஷத்தில் அப்பாதுரைக்கு அரைக் கிலோ காராபூந்தி வாங்கிக் கொடுத்தாள்.

ஆகஸ்ட் மாசம் ஸிந்துஜா அவளைச் சென்னைக்குக் கூப்பிட்டார்.

ஏ.சி. அறை. ஸிந்துஜாவுக்குப் பக்கத்தில் கம்ப்யூட்டரோடு ரங்கநாத் இருந்தான். மிஷின் படித்துத் தருகிற எழுத்துகளைக் கணக்குப் போட்டுப் பார்க்கிற பையன். இருபத்தாறு வயசு. சிரிப்பதற்கு மேலிடத்தில் எழுதிக் கேட்டு அனுமதி வாங்குகிற முகம்.

"சின்ன காஞ்சிபுரத்துல இருந்து வந்த பதினாலு சாம்பிளும் ஒரே ஆளோடது" என்றான்.

பெரியநாயகி சிரித்தாள். "ஒரே சந்து தம்பி. ஒரே தண்ணி, ஒரே புளியோதர. கொஞ்சம் ஒண்ணாத்தான் இருக்கும்."

"ஒரே தட்டுல சாப்பிடற ரெட்டைக் குழந்தைங்களுக்கே லிஸ்ட் வேற வேறயா வருது. இது ஜெராக்ஸ் எடுத்த மாதிரி இருக்கு. யாரோ ஒருத்தர்கிட்ட வாங்கி பதினாலு டப்பாவை ரொப்பியிருக்காங்க." கம்ப்யூட்டரிலிருந்து தலையைத் தூக்கினான். "டப்பா எல்லாம் உங்க கையிலதான் இருந்தது."

ஓரிக்கைக்கும் அக்கரைக்கும் கேட்கிற அந்தக் குரல் மேஜைக்கு மட்டும் கேட்கிற அளவுக்குத் தணிந்தது.

"இந்தாப்பா. ஒண்ணாம் நம்பர் டப்பா எங்கூட்டுக்காரரு. ரெண்டாம் நம்பர் நானு. ஊருக்குக் கேக்கறதுக்கு மின்னாடி எங்கூட்ல குடுத்துட்டுத்தான் கேட்டேன். இப்பவே பாரு. எங்க ரெண்டு பேருதுமா அது?"

ரங்கநாத் தட்டிப் பார்த்தான். "இல்ல. ஆனா வேற யாரோடதா வேணா இருக்கலாமே."

ஸிந்துஜாவுக்குப் பெரியநாயகி மேல் மரியாதை உண்டு. அதனால் அவர் குரல் இன்னும் கஷ்டப்பட்டது. "பெரியநாயகிம்மா, நான் உங்களை நம்பறேன். ஆனா நான் நம்பினா போதாது. பதினாலு பொய்யின்னா மிச்சம் நூத்தித் தொண்ணூத்தெட்டையும் யாரும் நம்ப மாட்டாங்க. எல்லாத்தையும் தூக்கிப் போட்டுட்டு முதல்லேர்ந்து வேற ஊர்ல ஆரம்பிக்கச் சொல்லுவாங்க. மாசக் கடைசிக்குள்ள என்ன நடந்ததுன்னு தெரிஞ்சாகணும்."

திரும்பி வந்த பஸ்ஸில் அவள் பேசவே இல்லை. தெரிந்த கண்டக்டர் மூன்று தடவை வந்து உடம்பு சரியில்லையா என்று கேட்டுவிட்டுப் போனார். அவள் டப்பாக்களை நினைத்துக்கொண்டிருந்தாள். நம்பர்கள் அவளுக்கு முகங்கள். அறுபத்தொன்று திருமுக்கூடல் மங்கையர்க்கரசி. இரண்டு குழந்தைகளைப் பேதியில் பறிகொடுத்தவள். அந்த ஊரில் ஒருத்தரும் முன்வராதபோது, "என் புள்ளைங்களுக்குத்தான் ஒண்ணும் தெரியாமப் பூட்ச்சி, வேற யாருக்காச்சும் தெரியட்டும்" என்று அவள்தான் முதலில் கையை நீட்டி டப்பாவை வாங்கினாள். அதையும் குப்பையில் போடுவார்களாம்.

வீட்டில் அப்பாதுரை கேலியோடு ஆரம்பித்தான். "இன்னா, மெட்ராஸ்ல மால போட்டாங்களா?" அவள் முகத்தைப் பார்த்ததும் கேலியை விழுங்கிவிட்டு டீ போட உள்ளே போனான். அவள் நோட்டுப் புத்தகத்தைப் பிரித்தாள். எந்த டப்பா, எந்தத் தேதி, எத்தனை மணி, எல்லாம் கோழி கிளறிய மாதிரி கையெழுத்தில் இருந்தது. ஆனால் ஒன்று கூட விட்டுப்போகவில்லை.

பதினாலு டப்பாவும் பிரம்மோற்சவத்து மூன்றாம் நாள், நாலாம் நாள், ஐந்தாம் நாள் வந்தவை. மூன்றாம் நாள் கருட சேவை. அன்றைக்கு சின்ன காஞ்சிபுரத்தில் எறும்பு நுழையக்கூட டிக்கெட் வாங்க வேண்டும். அவள் மொபெட் சந்துக்குள் போக முடியவில்லை. பூமா மாமி சந்து முனைக்கே வந்து, பூக்கூடையில் வாழையிலை போட்டு மூடி டப்பாக்களைக் கொடுத்தார். அடுத்த இரண்டு நாளும் அப்படியே. அவரவர் கையால்தான் வாங்க வேண்டும் என்று விதி. கூட்டத்தைச் சாக்கு வைத்து அவள் விட்டுவிட்டாள். எட்டு மாசத்தில் அவள் செய்த ஒரே சோம்பேறித்தனம் அது. அதற்கு இப்படி ஒரு விலை.

அப்போதுதான் இன்னொன்று உறைத்தது. வருஷா வருஷம் கருடன் வரும்போது முதல் வரிசையில் நிற்கிறவர் பூமா மாமி. பக்கத்தில் நிற்கிறவர்கள் காலை மிதித்தாவது நிற்பார். இந்த வருஷம் கருடன் தேரடிப் பக்கம் போய்க்கொண்டிருந்த அதே நேரத்தில், மாமி ஏன் கூடையோடு சந்து முனையில் நின்றார்?

மறுநாள் பள்ளிக்கூடம் விட்ட நேரம் பார்த்து மாமி வீட்டுக்குப் போனாள்.

"மாமி, ஒண்ணு கேப்பேன், கோச்சிக்கக் கூடாது. கருட சேவ அன்னிக்கி ஊட்ல தீட்டா?"

மாமி திடுக்கிட்டார். "உனக்கு யார் சொன்னா? பெங்களூர்ல என் மச்சினருக்குக் கொழந்தை பொறந்தது. பங்காளிக்குப் பத்து நாள் தீட்டு இல்லையா? கோயிலுக்குள்ள கால் வைக்கப்படாது. முப்பது வருஷமாப் பிடிச்ச கொடைய இவர் இந்த வருஷம் தொடவே இல்லை. பாவம், சத்தம் மட்டும் கேட்டுண்டு உள்ளேயே ஒக்காந்திருந்தார்."

பெங்களூரில் ஒரு குழந்தை 'ங்கா' என்று அழுதது. காஞ்சிபுரத்தில் ஒரு குடை மடங்கிற்று.

"அப்ப, சந்துல எல்லாரும் கோயில்ல இருந்தாங்க. வாத்தியாரு சாமி மட்டும் பத்து நாளும் ஊட்ல."

"ஆமாம், அவர் மட்டும் ஆத்துலதான்..." மாமி பாதியில் நிறுத்தினார். முகம் குங்குமத்துக்குப் போட்டியாகச் சிவந்தது.

உள்ளேயிருந்து சக்ரவர்த்தி வந்தார். ஆறடி உயரம். குடை பிடித்துப் பிடித்து வலது தோள் இடது தோளைவிட ஒரு விரற்கடை உயர்ந்திருக்கும்.

"சொல்லிடு பூமா. நான் என்ன கொள்ளையா அடிச்சேன்?" என்றவர், பெரியநாயகியைப் பார்த்தார். "இதைக் கேளும்மா. உற்சவத்துல எங்க மனுஷா விடிகாலையில குளிச்சு மடியா நிப்பா. மறுபடி மத்தியானம் குளிப்பா. ஒரு தோள்ல பெருமாள், இன்னொரு கையில உன் டப்பாவா? தொட்டாலே மறுபடி குளிக்கணும். உனக்கோ வாக்குக் குடுத்தாச்சு. எல்லாரும் என்கிட்ட வந்தா. 'ஓய், நீர்தான் தீட்டுல சும்மா இருக்கீர், எங்களுக்கும் சேத்து நீரே குடுத்துடும்'னா."

"சாமி... பதினாலுமா?"

"பதினாலும்! மூணு நாள் ஆச்சு. ஆத்துக்கு ஒரு சீப்பு வாழைப்பழம் அனுப்பி வச்சா. பதிமூணு சீப்பு! இன்னிக்கும் வாழைமரத்தைப் பாத்தா எனக்கு வயத்தைக் கலக்கறது."

பெரியநாயகிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு வந்தன. "கணக்கு வாத்தியாரு சாமி நீங்க. ஒருத்தரோடத பதினாலு பேருதுன்னு குடுக்கலாமா?"

"ஏன் குடுக்கப்படாது? அமெரிக்காவுல இருக்கற பிள்ளைக்கு இங்க அர்ச்சனை பண்றோம். பேர் சொல்றோம், நட்சத்திரம் சொல்றோம், பலன் அங்க போய்ச் சேர்றது. அவனா வந்து நிக்கறான்?"

"பலன் போவும் சாமி. வயிறு போவுமா?"

முப்பது வருஷமாகப் பிள்ளைகளைக் கரும்பலகை முன்னால் முழிக்க வைத்தவர், அன்றைக்கு அவரே முழித்தார்.

"மிஷின் கண்டுபுடிச்சிடுச்சு" என்றாள் பெரியநாயகி. "பதினாலும் ஒரே ஆளுன்னு சொல்லிடுச்சு. நாந்தான் எங்கியோ ஒரு ஆள்கிட்ட வாங்கி ரொப்பிட்டேன்னு நெனைக்கிறாங்க. தப்பு எம்மேலயும் இருக்குது சாமி. அவங்கவங்க கையால வாங்கியிருக்கணும். கூட்டத்தப் பாத்துட்டு மாமி கையால வாங்கிக்கினு பூட்டேன். இப்ப எரநூத்திப் பன்னண்டையும் குப்பையில போடப் போறாங்க."

மாமி தலையைக் குனிந்துகொண்டார். "நான்தான் உனக்காகப் பேசறேன்னு கெளம்பினேன். நானே உன் தலையில கல்லைப் போட்டுட்டேன்."

"உங்க பேரு வெளிய வராது மாமி. டப்பாவுல நம்பர்தான், பேரு கெடையாது. யாரு பேரையும் சொல்ல மாட்டேன்னு ஒவ்வொரு ஊட்லயும் சொல்லித்தான் வாங்கினேன். உங்க சந்துக்கும் அதே பேச்சுதான். சாமி இன்னொரு டப்பா மட்டும் குடுத்தாப் போதும். எரநூத்திப் பதிமூணு. மிஷினே சொல்லிக்கும்."

தன் மானம் கப்பலேறிக் கொண்டிருக்கும்போது ஊரார் மானத்துக்கு மூடி போடுகிற இப்படி ஒரு மனுஷியை, காஞ்சிபுரத்தில் இருக்கிற அத்தனை கோபுரத்து மேலேயும் ஏறி நின்று தேடினாலும் கண்டுபிடிக்க முடியாது. சக்ரவர்த்தியும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும். உயர்ந்த தோளைத் தடவிக்கொண்டார்.

"மிஷின் என்ன சொல்லும்? நீ அந்த ஆளைக் கொண்டுவந்து நிறுத்தினேன்னு சொல்லும். அவன்கிட்ட முன்னாடியே பேசி வச்சுண்டு வாங்கினேன்னு எவனாவது சொல்லுவான். கணக்கு அத்தோட முடியாது. பூமா, ஃபோனைக் கொண்டா."

"ஏண்ணா, ஸ்கூல் பிள்ளேளுக்குத் தெரிஞ்சா சிரிக்குமே."

"சிரிக்கட்டும். இவளைத் திருடின்னு சொல்றதுக்கு இது தேவலை."

பெரியநாயகி நம்பரைச் சொன்னாள். மறுமுனையில் ஸிந்துஜா. சக்ரவர்த்தி வகுப்பில் பேசுகிற குரலில் பேசினார்.

"நமஸ்காரம். என் பேர் சக்ரவர்த்தி. நீங்க தேடிண்டிருக்கற வயிறு என்னுதுதான்."

அந்தப் பக்கம் நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. அவர் தீட்டிலிருந்து வாழைப்பழம் வரைக்கும் ஒன்று விடாமல் சொன்னார். அர்ச்சனைக் கணக்கையும் சொல்லி, அதில் பெரியநாயகி கண்டுபிடித்த பிழையையும் அவரே ஒப்புக்கொண்டார். ஸிந்துஜா முதலில் இருமினார், அப்புறம் இருமல் இல்லை அது என்பது தெளிவாகத் தெரிந்தது.

"ஸார், இதை எழுத்துல தர முடியுமா?"

"தரேன். பதிமூணு பேர்கிட்டயும் கையெழுத்து வாங்கித் தரேன். இந்தத் தடவை அவாளே போடுவா."

வாங்கியும் கொடுத்தார். சந்துக்காரர்கள் நெளிந்தார்கள், ஒருவர் மேல் ஒருவர் பழி போட்டார்கள், கடைசியில் போட்டார்கள். அந்த வாரமே பெரியநாயகி புது டப்பாக்களோடு சந்துக்குப் போனாள். இப்போது ஒவ்வொரு வாசலிலும் நின்று, ஆளைக் கூப்பிட்டு, அவர் கையிலிருந்து தன் கைக்கு வாங்கினாள். பாராயணக்காரர் பஞ்சகச்சத்தோடு வந்து, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு டப்பாவை நீட்டினார்.

"இது நீங்களேதானே சாமி?"

"நானேதான். வேணும்னா நட்சத்திரம் சொல்லட்டுமா?"

"வாணாம் சாமி, மிஷினுக்கு நட்சத்திரம் புரியாது."

சக்ரவர்த்தி இருநூற்றுப் பதிமூன்றாம் டப்பாவைக் கொடுத்தார். எல்லாம் சென்னைக்குப் போயிற்று. மாசக் கடைசி வந்தது. கடிதத்தைப் பார்த்து மேலிடம் ஒரு மாசம் தவணை கொடுத்தது. மிஷின் சொல்லட்டும், அதுவரை எதையும் எறியவும் வேண்டாம், சேர்க்கவும் வேண்டாம் என்றார்கள். அந்த ஒரு மாசம் பெரியநாயகி மெலிந்த மெலிவில், அவள் ஏறினாலும் மொபெட்டுக்கு யாரோ ஏறினதே தெரியவில்லை. ஆனாலும் ஒருநாள் கூட ரவுண்டு போகாமல் இருக்கவில்லை. டப்பா கேட்பதில்லை, கொடுத்தவர்கள் வீட்டுக்குப் போய் உடம்பு எப்படி இருக்கிறது, குழந்தை சாப்பிடுகிறதா என்று விசாரித்து நோட்டில் எழுதிக்கொண்டாள். திருமுக்கூடலில் மங்கையர்க்கரசி, "இன்னாக்கா, ரிசல்ட்டு வந்துச்சா?" என்று கேட்டபோது, "வரும்மா, வந்துக்கினே இருக்குது" என்று சொல்லிவிட்டு வேகமாக வண்டியைத் திருப்பினாள்.

செப்டம்பர் கடைசியில், சென்னையிலிருந்து வாராவாரம் வருகிற வேனில் ரங்கநாத்தே வந்து இறங்கினான். அவள் அறையைத் திறந்துவைத்துக்கொண்டு காத்திருந்தாள். மேலிடம் நிறுத்தச் சொன்னதால் அனுப்பாமல் வைத்திருந்த பழைய டப்பாக்களை எடுத்துப்போக, அவன் ஃப்ரீசரைத் திறந்துகொண்டே பேச ஆரம்பித்தான்.

"இருநூத்திப் பதிமூணும் அந்தப் பதினாலும் ஒரே ஆள். அவர் சொன்னது சரி. புதுசா வாங்கின பதிமூணும் பதிமூணு விதமா இருக்கு. அதுவும் சரி."

"அப்ப நான் திருடி இல்ல."

ரங்கநாத் சட்டைப்பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து விரித்தான். தாள் முழுக்கப் புள்ளிகள்; டப்பாவுக்கு ஒரு புள்ளி, லிஸ்ட்டு எவ்வளவு ஒத்துப்போகிறதோ அவ்வளவு பக்கத்தில் விழும். ஊர்க்காரர்கள் எல்லாரும் ஆளுக்கொரு மூலையில் சிதறிக் கிடந்தார்கள். நடுவில் ஓரிடத்தில் மட்டும் மை கொட்டின மாதிரி ஒரே கறுப்பு.

"இது என்னன்னு தெரியுதா? அந்தப் பதினாலு டப்பா. மூணு நாள், வைகாசி வெயில், கருட சேவை கூட்டம். பதினாலு புள்ளியும் ஒண்ணு மேல ஒண்ணு உக்காந்திருக்கு. நாங்க ஆபீஸ்லயே எங்களுதை எடுத்து அரை நாள் வெளிய வெச்சுப் பாத்தோம். புள்ளி ரெண்டு விரல் தள்ளிப் போயிடுச்சு." அவன் நடுவிலிருந்த கறுப்பில் விரலை வைத்தான். "ஒரு டப்பாவுல ஐஸ் உருகியிருந்தாலும் இது இப்படி வராது. இந்த மாதிரி ஒரு டெஸ்ட்டை யாரும் வேணும்னே வெச்சிருக்க முடியாது. உங்களுக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. மேடம் இதைத்தான் மீட்டிங்ல காமிச்சாங்க. உங்க டப்பாவை எப்படி நம்பறதுன்னு கேட்டவங்களுக்கு இந்த ஒரு தாளைத்தான் காமிச்சாங்க."

"தம்பி, சுத்தி வளைக்காதே. எரநூத்திப் பன்னண்டும்?"

"உள்ள. அந்தப் பதிமூணுக்குப் பதிலா புதுசு பதிமூணு. எல்லாமே உள்ள."

"அறுவத்தொண்ணு?"

அவனுக்கு ஏன் அந்த நம்பர் என்று புரியவில்லை. ஆனாலும் லிஸ்ட்டைப் புரட்டிப் பார்த்துச் சொன்னான். "உள்ள."

பெரியநாயகி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பினாள். தோள் இரண்டும் குலுங்கின. ரங்கநாத்துக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. சிரிக்கக் கற்றுக்கொள்ளாதவன், ஆறுதல் சொல்ல எங்கே கற்றிருப்பான்? "நான் அன்னிக்கு அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது அக்கா" என்றான். முதல் தடவையாக அக்கா.

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு திரும்பினாள். கண் சிவந்திருந்தது. அவன் முகத்தைப் பார்த்தாள், அவனுக்குப் பின்னால் பார்த்தாள். அடுத்த நிமிஷம் ஓரிக்கைக்குக் கேட்கிற அந்தக் குரல் முழுசாகத் திரும்பி வந்தது.

"அக்கா கெடக்கட்டும்பா! மொதல்ல அந்த ஃப்ரீசர் கதவ மூடு! நீ பேச ஆரம்பிச்சதுல இருந்து தொறந்தே இருக்குது, உள்ள பதினேழு டப்பா இருக்குது!"